கண்ணகி சைகோனுக்குப் புறப்பட்ட கதை

முதலியார்பேட்டையில் போய்க் கண்ணகி வீடு எது என்று கேட்டால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். 'சைகோன்காரர் பொண்ணு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விடும். அவள் மில்லில் நூல் சுற்றுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் பாலகுரு தவளக்குப்பத்துச் சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டினான். பிள்ளை இல்லை. அம்மா அஞ்சலாட்சி கூடவே இருந்தாள். இவ்வளவும் கண்ணெதிரே இருக்க, ஒருநாளும் கண்ணில் காணாத அப்பாவை வைத்துத்தான் ஊர் அவளுக்கு அடையாளம் சொன்னது.

அப்பா முருகையனுக்குச் சொந்த ஊர் கனகசெட்டிக்குளம். கட்டுமரம் ஏறிக்கொண்டிருந்தவர். 1948-ஆம் வருஷம் மாசி மாதம், ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில், வியட்நாமில் சைகோன் பட்டணத்தில் ஒரு தமிழர் துணிக்கடைக்குக் காவல் வேலைக்கென்று கப்பலேறினார். போனவர் போனவர்தான். இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்றார், பிறகு அடுத்த தீபாவளிக்கு என்றார், அப்புறம் அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டார். அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்றும் பேச்சு. ஆனால் கடிதம் மட்டும் மாதம் தவறாமல் வரும். ஒவ்வொரு கடிதத்திலும் நலம் விசாரித்த கையோடு அடுத்த வரி இதுதான்: 'கண்ணகியின் வலது கால் எப்படி இருக்கிறது?'

அது ஒரு பழைய காயம். பருத்தி வலைக்குப் பட்டைச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தபோது முருகையன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அண்டாவைக் கிண்டியிருக்கிறார். கொதிக்கிற சாயம் தெறித்துக் குழந்தையின் வலது பாதம் வெந்துபோனது. அவர் கப்பலேறும்போதும் குழந்தையின் பாதத்தில் துணி சுற்றித்தான் இருந்ததாம். அந்தக் குற்றவுணர்ச்சி அந்த மனுஷனைக் கடல் தாண்டியும் விடவில்லை. கண்ணகி பள்ளிக்கூடம் போய் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டதும் அம்மாவுக்குக் கடிதம் படித்துக் காட்டிப் பதில் எழுதுகிற வேலை அவளுடையதானது. "இன்னாம்மா, என் கால்ல தழும்பையே காணோமே?" என்று ஒருமுறை கேட்டாள். "ஆறி மறைஞ்சு போச்சு. ஆத்துல போட்டாப்ல போச்சு, விடேன்" என்று அஞ்சலாட்சி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கண்ணகி தன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கணுக்காலுக்குக் கீழே கொஞ்சம் வெளிறியிருந்த இடத்தை அதுதான் என்று முடிவு செய்துகொண்டாள். அந்த இடத்தின் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். அப்பா தொட்ட இடம் அல்லவா?

1974 ஆவணியில் வந்த கடிதம் வேறு கையெழுத்தில் இருந்தது. முருகையனுக்குக் கண் இரண்டும் போய்விட்டது. கடைக் கணக்கப்பிள்ளையை எழுதச் சொல்லி எழுதியிருந்தார். கூட இருந்தவளும் செத்துவிட்டாள். நெஞ்சில் சளி கட்டியிருப்பதால் டாக்டர் ஏரோப்ளான் ஏறக்கூடாது என்கிறார். 'கண்ணகி ஒருமுறை வந்து போக வேண்டும். கடை முதலாளியிடம் சொல்லி டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். கண் போனால் என்ன, அவள் காலைத் தொட்டுப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும்.'

படித்து முடித்ததும் கண்ணகி அழவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நான் போறேன்" என்றாள். அவளுக்குத் தெரிந்த தூரம் வடக்கே கனகசெட்டிக்குளம், தெற்கே கடலூர். தெருவில் எல்லோருடைய அப்பாவும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், திட்டினார்கள், சிலர் குடித்துவிட்டு அடித்தார்கள். அவளை ஒருவர் கடிதத்தில் மட்டும் கூப்பிட்டார். அந்தக் குரலில் ஒரே ஒரு தடவை 'கண்ணகி' என்று காதால் கேட்டுவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான். பெரிய ஆசையா இது?

அஞ்சலாட்சி மட்டும், "சண்ட நடக்கற ஊருக்குப் பொம்பளப் புள்ள தனியா போறதா?" என்று ஆரம்பித்து, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். எல்லோரும் அதைத் தாய்ப் பாசம் என்று நினைத்தார்கள். நினைக்க வேண்டியதுதானே.

பாலகுரு ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டதோடு நில்லாமல் எல்லோருக்கும் முன்னால் ஏற்பாட்டில் இறங்கினான். ஏரோப்ளானில் குளிரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்தான். புரட்டாசி வெயிலிலும் அதைப் போட்டுக்காட்டச் சொல்வான். பதினைந்து வருஷம் சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பிய ராஜாங்கம் என்பவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவரை எல்லோரும் பிரெஞ்சுப் பாணியில் சைகோன் முசியே என்பார்கள். கண்ணகி மில் விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"மெட்ராஸ்லேர்ந்து சிங்கப்பூரு, அங்க மாறணும். எறங்குனதும் கூட்டம் நெருக்கும், பையக் கீழ வைக்காத. தண்ணி கேக்கணும்னா 'நுஒக்'னு சொல்லு."

"தண்ணி அப்பா குடுப்பாரு முசியே. 'அப்பா'ன்னு எப்டிச் சொல்றது, அதச் சொல்லுங்க."

"உங்கப்பன் கனகசெட்டிக்கொளத்தான்டி. அவன்கிட்ட இன்னாத்துக்கு அந்த பாஷ?" என்று முசியே சிரித்தார். கண்ணகியும் சிரித்தாள். அந்த ஐப்பசி மாதம் அவள் சிரித்த அளவு அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் இல்லை.

பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். நகராட்சி அலுவலகத்தைப் புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுக்காரன் போன பிறகும் 'மேரி' என்றுதான் சொல்வார்கள். பிறந்தாலும் செத்தாலும் அங்கே பெரிய பெரிய புத்தகங்களில் ஏற்றிவிடுவான். எழுதாத எதுவும் அவனுக்கு நடக்காத ஒன்று. கண்ணகி ஒருநாள் லீவு போட்டுவிட்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு மேரிக்குப் போனாள். கிருஷ்ணசாமி என்ற வயதான குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 1946-ஆம் வருஷப் புத்தகத்தைப் புரட்டினார்.

"முருகையன், அஞ்சலாட்சி. பொண்ணு கண்ணகி. மாசி மாசம். சரிதான். இது உனக்கு யாரும்மா?"

"நான்தான் சார்."

அவர் மறுபடியும் பக்கத்தைப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பு மையில் பிரெஞ்சில் ஒரு வரி இருந்தது. எழுந்து போய் இன்னொரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அதையும் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் புள்ள ரெண்டே முக்கா வயசுல செத்துப்போச்சே. நாப்பத்தெட்டு கார்த்திகையில. சாவு எழுதியிருக்குது. உங்கம்மாதான் கைநாட்டு வச்சிருக்காங்க."

கண்ணகி சிரித்துவிட்டாள். "இன்னா சார், நான் உங்க முன்னாடி நிக்கறேனே!" என்றாள். குமாஸ்தா சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பி அவளிடம் காட்டினார். பிரெஞ்சு அவளுக்குப் படிக்கத் தெரியாது. கீழே இருந்த பெருவிரல் ரேகையை மட்டும் பார்த்தாள். சம்பளநாள் சீட்டில், ரேஷன் கார்டில், அவள் நூறு தடவை பார்த்த ரேகை அது. நடுவில் வெட்டுத் தழும்பு ஓடுகிற ரேகை.

வீட்டுக்கு வந்தவள் அம்மாவிடம் கத்தவில்லை. காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "இந்தக் கால் யாரு காலும்மா?" என்று கேட்டாள்.

அஞ்சலாட்சிக்கு அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. முருகையன் கப்பலேறும்போது அவள் நாலு மாதக் கர்ப்பம். பிழைப்புக்காக மூத்தவளைத் தூக்கிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வந்து மில்லில் சேர்ந்தாள். ஆடியில் இரண்டாவது பெண் பிறந்தது. கார்த்திகையில் மூத்தவளுக்கு வாந்திபேதி. காலையில் லேசாகத்தான் இருந்தது, ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். ஒரு நாள் லீவு போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவான் என்ற பயம். திரும்பி வந்தபோது பிள்ளை இல்லை. புதைக்கச் சீட்டு வேண்டும் என்றதால் மேரியில் போய்ச் சாவை எழுதிவிட்டு வந்தாள்.

"அந்த வாரமே கடுதாசி வந்துச்சு. கால் எப்டியிருக்குன்னு கேட்டு. நான் இன்னான்னு எழுதச் சொல்வேன்? விட்டுட்டு வேலைக்குப் போனேன், செத்துட்டான்னா? மூத்தவதான் அவருக்கு உசுரு. அவ இல்லன்னு தெரிஞ்சா அந்த மனுசன் திரும்பியே வரமாட்டாருன்னு தோணிச்சு. சின்னது பொறந்து செத்துடிச்சு, பெரியவ நல்லாருக்கான்னு எழுதச் சொல்லிட்டேன்."

"அப்ப நான்தான் செத்தவ."

"உனக்கு அவ பேர வச்சேன். போன புள்ள பேர அடுத்ததுக்கு வக்கிறது எல்லா வூட்லயும் உள்ளதுதான? மேரியில அந்தப் பேரு ஏற்கெனவே ஏறியிருக்குதே, இன்னொரு தபா இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன். ஒடனே வூட்ட மாத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டேன். யாருக்கும் தெரியல."

அவள் சொன்னதில் ஒன்று நிஜம். செத்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அந்தத் தெருக்களில் வழக்கம்தான். ஒரு பெயருக்கு ஒருமுறை எழுதினால் போதும் என்று நினைத்த தாய்மாரும் நிறையப் பேர் உண்டு. ஆனால் எந்த முருகையனும் திரும்பி வரவில்லை. பொய்யும் வீண், பிள்ளையும் வீண். இதையெல்லாம் கண்ணகி வாய்விட்டுச் சொல்லவில்லை. "நாலு மாசம் என்ன இன்னான்னு கூப்ட்ட?" என்று மட்டும் கேட்டாள். பிறந்ததிலிருந்து அஞ்சலாட்சி அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. அப்பன் கடிதத்தில் ஒரு பெயர் எழுதி அனுப்பட்டும் என்று காத்திருந்தாளாம், வந்த கடிதங்களில் பெயர் வரவில்லை.

இருபத்தெட்டு வயது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரே பகலில் இருபத்தாறு ஆனது. மற்றப் பெண்களுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்கும்.

பாலகுருவுக்கு இதில் பெரிய குழப்பம் ஒன்றும் இல்லை. "போயிப் பாத்துட்டு வா. வாயத் தொறக்காத. அவருக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றான். அவன் கெட்டவன் இல்லை, கம்பளிச் சட்டை வாங்கியவன். "கண்ணு தெரியாதுதான். கை தெரியுமே" என்றாள் கண்ணகி. அந்தக் கை தடவிப் பார்க்கும். இருபத்தாறு வருஷமாகத் தேடுகிற தழும்பைத் தேடும். அந்தக் கைக்கு முன்னால் தன் வழுவழுப்பான காலை நீட்டிக்கொண்டு உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

அதற்குள் கோர்ட்டு வேலை வந்து சேர்ந்தது. தான் உயிரோடு இருப்பதை அவள் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. முத்தியால்பேட்டையில் பிரசவம் பார்த்த கன்னியம்மாளைத் தேடிப் பிடித்து ரிக்ஷாவில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். பல் போன அந்தக் கிழவி கூண்டில் ஏறி, "ஆமாங்க, ரெண்டாவது பொண்ணு. மழையில பொறந்துச்சு. நான்தான் தொப்புள்கொடி அறுத்தேன்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். தன்னைப் பற்றித் தெரிந்த ஒரு ஆளாவது இந்த ஊரில் இருந்தாளே என்று கண்ணகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 1975 தை மாதம் தீர்ப்பு வந்தது. முருகையனுக்கும் அஞ்சலாட்சிக்கும் 1948 ஆடியில் பிறந்த பெண் கண்ணகி உயிரோடு இருக்கிறாள் என்று சர்க்கார் முத்திரை போட்டு ஒத்துக்கொண்டது. பாஸ்போர்ட்டுக்கு மனு போனது.

அந்த முத்திரையைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் துணிச்சல் வந்தது. அப்பாவுக்கு எழுதினாள். அம்மா காலைப் பிடித்துக் கெஞ்சினாள். "போறதுன்னா அவளா போகமாட்டேம்மா. நானாத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டாள்.

கடிதம் சின்னதுதான். மூத்தவள் வாந்திபேதியில் போனதை எழுதினாள். அம்மா பயந்து மறைத்ததை எழுதினாள். 'பிறந்து செத்ததாகச் சொன்ன இரண்டாவது பெண் நான்தான். இத்தனை வருஷமாக உங்களுக்கு எழுதியதும் நான்தான். நீங்கள் வரச் சொன்னால் வருகிறேன்.' கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. கண்ணகி போய்விட்டாள் என்று எழுதிய கையால் கீழே கண்ணகி என்று எப்படி எழுதுவது? 'இப்படிக்கு, உங்கள் இளைய மகள்' என்று போட்டு ஒட்டிவிட்டாள்.

பதில் வருகிற வரைக்கும் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வருமா, திட்டி வருமா, வராதா? காத்திருக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கனகசெட்டிக்குளம் போய், அப்பாவுக்குப் பிடிக்கும் என்று அம்மா எப்போதோ சொன்ன வாளைக் கருவாடு வாங்கி வந்து, தகர டின்னில் போட்டு மூடி வைத்தாள். முசியே வீட்டு ரேடியோவில் தினமும் வியட்நாமில் ஒவ்வொரு ஊராகக் கம்யூனிஸ்ட் படையிடம் பிடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெயர்களைச் சொல்லும்போதெல்லாம் முசியே தொண்டையைச் செருமிக்கொள்வார். ஏரோப்ளான் பற்றி இப்போது அவர் பேசுவதில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி பதில் வந்தது. கணக்கப்பிள்ளையின் கையெழுத்துத்தான். கண்ணகி வாசலிலேயே நின்றுகொண்டு படித்தாள்.

'மகளுக்கு முருகையன் எழுதிக்கொண்டது. உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கண்ணகிக்காகத் தலை முழுகினேன். இருபத்தாறு வருஷம் கழித்து என்றாலும் தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். உன் அம்மாவை ஒன்றும் சொல்லாதே. நான் வந்திருந்தால் அவள் பொய் சொல்லியிருக்க மாட்டாள். நீ பிறந்து செத்தாய் என்று எழுதி வந்தபோது நான் அழவில்லை. பெரியவள் இருக்கிறாள் என்று இருந்துவிட்டேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சீக்கிரம் வா. ஒன்று கேட்கிறேன். உன் பேரை நீ எழுதவில்லையே. உனக்கு என்ன பேர் வைத்தார்கள்? ஏரோப்ளான் கூடத்துக்குக் கணக்கப்பிள்ளை என்னைக் கூட்டிக்கொண்டு வருவார். எனக்குக் கண் தெரியாது. நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், நீ குரல் கொடு.'

அஞ்சலாட்சி உள்ளே இருந்து, "இன்னாடி எழுதியிருக்காரு?" என்றாள். கண்ணகி முழுதும் படித்துக் காட்டினாள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சாயங்காலம் வரை அழுதாள்.

அன்றைக்கே பதில் எழுதியிருக்க வேண்டும். அவள் எழுதவில்லை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள், எழுந்து போய்விடுவாள். உண்மையை எழுதினால், செத்த பிள்ளையிடமிருந்து பெயரையும் பிடுங்கிக்கொண்டார்களா என்று அந்தக் கிழவருக்கு வலிக்காதா? அவர் தலை முழுகிவிட்ட பெயரையே மறுபடியும் கத்திக் கூப்பிடச் சொல்வதா? வேறு ஒரு நல்ல பெயராக எழுதிவிடலாம் என்று தோன்றும். ஜெயம், கமலவேணி, செல்வாம்பாள் என்று தாளில் ஒன்றொன்றாக எழுதிப் பார்த்தாள். ஒன்றுகூட அவளாக இல்லை. மறுபடியும் ஒரு பொய்யா என்று கிழித்துப் போட்டாள். இப்படியே இருபது நாள் போனது. அந்த இருபது நாளை நினைத்தால் அவளுக்குப் பிற்காலத்திலும் மார்பில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

கடைசியில் எழுதினாள். 'அப்பா, என் பேரும் கண்ணகிதான். அக்கா பேரைத்தான் எனக்கு வைத்தார்கள். அப்படியே கூப்பிடுங்கள், நான் குரல் கொடுக்கிறேன்.' அதை எடுத்துக்கொண்டு மே மாதம் இரண்டாம் தேதி தபாலாபீசுக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு உறையை அவள் பக்கமே தள்ளினார்.

"அந்த ஊருக்கு இப்ப தபால் எடுக்கறதில்லம்மா. ரேடியோ கேக்கலியா? முந்தாநேத்து புடிச்சுட்டான்."

பத்து நாள் கழித்துப் பாஸ்போர்ட் வந்தது. பெயர் கண்ணகி, தகப்பன் பெயர் முருகையன், பிறந்த வருஷம் 1948. எல்லாம் சரியாக இருந்தது. கருவாட்டு டின்னை யாரும் திறக்கவில்லை. வாடை தாங்காமல் ஆடி மாதத்தில் பாலகுரு அதை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தைக்குப் பின்னால் கொட்டிவிட்டு வந்தான்.

தபால் திரும்ப ஓட ஆரம்பித்ததும் அவள் அதே கடிதத்தை அனுப்பினாள். பதிலும் வரவில்லை, கடிதமும் திரும்பி வரவில்லை. அங்கிருந்து தப்பித்து வந்த குடும்பங்கள் ஊருக்குள் வந்து இறங்கியபோது வீடு வீடாகப் போய் விசாரித்தாள். துணிக்கடையைத் தெரியும் என்றார்கள், மூடிவிட்டார்கள் என்றார்கள். குருட்டுக் காவல்காரரைத் தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அஞ்சலாட்சி 1979-இல் செத்தாள். மேரியில் போய் அந்தச் சாவை எழுதிவிட்டு வந்தது கண்ணகிதான். மில்லில் அடிக்கடி கதவடைப்பு வந்தது. பாலகுருவுக்கு முதுகு போனது. அவள் நூல் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பாஸ்போர்ட்டை மட்டும் அவள் சாகவிடவில்லை. 1980-இல் மெட்ராஸ் போய்ப் புதுப்பித்தாள். 1985-இல் மறுபடியும் போனாள். முருகையன் இருந்திருந்தால் அப்போது அவருக்கு அறுபத்தெட்டு. "போகாத ஊருக்கு இன்னாத்துக்கு இந்தப் புஸ்தகம்?" என்று பாலகுரு கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. ஒரு பக்கம்கூட முத்திரை படாத அந்தப் பழைய புத்தகத்தை அங்கே இருந்த இளம் அதிகாரி புரட்டிப் பார்த்தார்.

"எந்த ஊருக்கும்மா போறீங்க?"

"சைகோன் சார்."

"அந்தப் பேர்ல இப்ப ஊரே கெடையாதும்மா. பேர மாத்தி ஒன்பது வருஷமாச்சு."

"பேரு மாறிப்போனா ஊரு இல்லன்னு ஆயிடுமா சார்? அங்க ஒருத்தரு என் பேரக் கேட்டாரு. நான் இன்னும் சொல்லல" என்றாள் கண்ணகி.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. முத்திரையைக் குத்தி, புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.